மாடு கன்று வீசியது, கறக்கிறவருக்கு விடாத காய்ச்சல்: மாட்டை விற்றுவிடலாமா?

வியாசர்பாடியிலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான்கு கறவை மாடு. இரண்டு மாதத்துக்கு முன்னால் அதில் ஒன்று ஏழாம் மாதச் சினையில் கன்று வீசிவிட்டது, அதாவது சினை கலைந்து குறைமாதத்தில் கன்று விழுந்துவிட்டது. நஞ்சுக்கொடி விழாததால் வீட்டுக்காரரே வெறுங்கையை விட்டு எடுத்திருக்கிறார். இப்போது அவருக்கு மூன்று வாரமாக சாயங்காலம் ஆனால் காய்ச்சல், ராத்திரியில் பனியன் நனைகிற வியர்வை, இடுப்பு வலி. டைபாய்டு என்று மருந்து கொடுத்தும் விட்டு விட்டுக் காய்கிறது. கொழுந்தனார் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் வேலை பார்க்கிறார், மொட்டை மாடியில் புறாவும் வளர்க்கிறார், அவருக்கு நாள்பட்ட வறட்டு இருமல். எழுதியவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. மிருகங்களிடமிருந்து என்னென்ன நோய் வரும் என்று பொதுவாகக் கேட்டிருக்கிறார். ஆனால் கடிதத்தைப் படித்தால் மனசில் இருப்பது மூன்று கேள்விதான் என்று தெரிகிறது. இவருக்கு வந்தது மாட்டால் வந்ததா? அது எனக்கும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் தொற்றுமா? மாமியார் சொல்கிறபடி மாடுகளை விற்றுத் தலைமுழுகிவிடலாமா?

சுருக்கமான பதில்: மாட்டால் வந்திருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது, ஆனால் ரத்தம் பார்க்காமல் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கணவரிடமிருந்து உங்களுக்கு ஒட்டுவது மிக அபூர்வம். மாட்டிடமிருந்து நேராக உங்களுக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். மாட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள், அதற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன்.

நான் கால்நடை மருத்துவன். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தேன். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி மாதவரம், கொடுங்கையூர், தண்டையார்பேட்டை பக்கத்து மாட்டுக் கொட்டாய்களில்தான் போனது. மாட்டுக்கு என்ன, ஆட்டுக்கு என்ன என்பதை என்னிடம் கேட்கலாம். மனிதருக்கு வந்த காய்ச்சலைக் கண்டுபிடித்து மருந்து எழுதுவது என் வேலை இல்லை, கடிதத்தைப் படித்துவிட்டுச் செய்யக்கூடிய வேலையும் இல்லை. எந்த டாக்டரிடம் போய் என்ன சொல்ல வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது வரைக்கும் சொல்ல முடியும்.

சினையின் கடைசி மூன்று நான்கு மாதத்தில் மாடு கன்று வீசுவது, கூடவே நஞ்சு தங்கிப்போவது, இந்த இரண்டையும் கேட்டவுடன் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது புரூசெல்லா என்ற கிருமி. கன்று வீச்சு நோய் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். சினை மாட்டின் கருப்பையில் இந்தக் கிருமி கணக்கில்லாமல் பெருகும். வீசிய கன்று, நஞ்சுக்கொடி, அதோடு வரும் நீர், அடுத்த சில வாரம் வடியும் கழிவு எல்லாவற்றிலும் அது கோடிக்கணக்கில் இருக்கும். மனிதருக்குள் போக அதற்குப் பெரிய வழி வேண்டாம். கையில் ஒரு கீறல், கண்ணில் தெறித்த ஒரு சொட்டு, மூச்சோடு போன ஈரத்துளி போதும். போன பிறகு உடனே காட்டிக்கொள்ளாது. சாதாரணமாக ஒன்றிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு மாதக்கணக்கில்கூட ஆகும். உங்கள் வீட்டுக்காரர் நஞ்சை எடுத்து ஐந்து வாரம் கழித்துக் காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. காலக் கணக்கு பொருந்துகிறது. சாயங்காலக் காய்ச்சல், வியர்வை, இடுப்பு, மூட்டு வலி, ஏறி இறங்கும் போக்கு, இதுவும் பொருந்துகிறது. சில ஆண்களுக்கு விதைப்பை வீங்கி வலிக்கும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிடுவார்கள், தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

பொருந்துகிறது என்பதால் அதுதான் என்று ஆகிவிடாது. சாயங்காலக் காய்ச்சலும் இடுப்பு வலியும் முதுகெலும்பில் வரும் காசநோய்க்கும் உண்டு. நிஜமான டைபாய்டாகவும் இருக்கலாம். மாடு கன்று வீசியதற்கும் புரூசெல்லா ஒன்றே காரணம் என்று இல்லை. எலிக்காய்ச்சல் கிருமி, சில வைரஸ்கள், வயிற்றில் பட்ட உதை, கெட்டுப்போன தீவனம் என்று பட்டியல் நீளம். ஆனால் டைபாய்டு என்ற முடிவு எதை வைத்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். வைடால் என்ற பரிசோதனையை மட்டும் வைத்து எடுத்திருந்தால் அதற்கு அவ்வளவு மதிப்பு கொடுக்க வேண்டாம். முன்னால் எப்போதோ வந்துபோன டைபாய்டுக்கும், போட்ட தடுப்பூசிக்கும், சம்பந்தமே இல்லாத வேறு காய்ச்சலுக்கும் அது ஆமாம் என்று சொல்லும். டைபாய்டு மருந்துகளில் சில புரூசெல்லாவை லேசாக அடக்கிவைக்கும், வேரோடு எடுக்காது. மருந்து சாப்பிட்டால் இறங்கி, நிறுத்தினால் ஏறுவது அப்படியும் இருக்கலாம்.

இவ்வளவு வருஷத்தில் நான் பார்த்ததில் இந்த நோய்களுக்குப் பெரிய துணையாக இருப்பது, நோயாளி தன் தொழிலைச் சொல்லாததும் டாக்டர் கேட்காததும்தான். வியாசர்பாடியில் தெருமுனை கிளினிக்கில் ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது யாரும் உங்கள் கொட்டாயைப் பற்றி விசாரிக்கப் போவதில்லை. நீங்களாகச் சொல்ல வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன தொழில், எந்த மிருகம், அந்த மிருகத்துக்கு என்ன ஆனது, எந்தத் தேதியில் கைபட்டது, பச்சைப்பால் குடிக்கும் பழக்கம் உண்டா, காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது, இதுவரை சாப்பிட்ட மாத்திரை எது. உங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான். பொது மருத்துவப் பிரிவில் இந்தக் காகிதத்தைக் கொடுத்து, புரூசெல்லாவாக இருக்குமோ என்று நேராகவே கேளுங்கள். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்க்கும் பரிசோதனையும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையும் இருக்கின்றன. கிருமியை வளர்க்க ரத்தம் அனுப்பினால் அந்தச் சீட்டில் புரூசெல்லா சந்தேகம் என்று எழுதச் சொல்லுங்கள். அது மெதுவாக வளரும் என்பதால் கூடுதல் நாள் காத்திருப்பார்கள். அதைவிட முக்கியமாக, ஆய்வகத்தில் வேலை செய்கிறவருக்கே தொற்றக்கூடிய கிருமி அது. அவர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

அதுதான் என்று உறுதியானால் பயப்பட வேண்டாம், குணமாகும். ஆனால் நாளாகும். இந்தக் கிருமி உடம்பின் செல்களுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துவிடுவதால் ஐந்து நாள் கோர்ஸ் எடுபடாது. வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 6 வாரம், அதோடு ரிஃபாம்பிசின் 6 வாரமோ அல்லது ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசி சில நாள்களோ கொடுப்பார்கள். எந்தச் சேர்க்கை என்பது டாக்டர் முடிவு. ரிஃபாம்பிசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் காசநோய் மருந்துகளும்கூட, அதனால் காசநோய் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். மருந்துக்கடையில் பேர் சொல்லி வாங்கிச் சாப்பிடாதீர்கள். முதல் பத்து நாளில் காய்ச்சல் போய்விடும், அங்கேதான் பாதிப்பேர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் திரும்ப வரும், இந்த முறை முதுகெலும்பிலோ இடுப்பு மூட்டிலோ போய் உட்காரும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயந்து நிறுத்திவிட வேண்டாம். டாக்ஸிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், பாலோடு சாப்பிடக் கூடாது. பால்காரரிடம் பாலோடு சாப்பிடாதே என்று சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

இனி உங்களைப் பற்றி. மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்த நோய் போவது அபூர்வத்திலும் அபூர்வம். ஒரே தட்டு, ஒரே பாய், இருமல் இவற்றால் வராது. தாம்பத்திய உறவின் வழியாக ஒரு சில சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, அவர் சிகிச்சை முடிக்கும்வரை எச்சரிக்கையாக இருந்துவிடுங்கள். கர்ப்பிணிக்கு இந்தக் கிருமி வந்தால் கரு கலையும் வாய்ப்பு கூடும் என்பது தெரிந்தது. மாட்டுக்கு ஆவதுபோல் மனிதக் கருப்பையை இது தேடிப்போய்த் தாக்குகிறதா, அல்லது ரத்தத்தில் கிருமி ஏறும் எந்தக் கடுமையான காய்ச்சலும் செய்கிற கெடுதலைத்தான் செய்கிறதா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. உங்களுக்கு அந்த விவாதம் தேவையில்லை. தேவையானது இரண்டு. ஒன்று, காய்ச்சல் இல்லாவிட்டாலும் மகப்பேறு டாக்டரிடம் வீட்டில் நடந்ததைச் சொல்லி உங்கள் ரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிகிச்சை தேவைப்பட்டால் கர்ப்பத்தில் டாக்ஸிசைக்ளினைத் தவிர்த்து வேறு மருந்து கொடுப்பார்கள், அதனால் கணவர் மாத்திரையைப் பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு, பிரசவம் ஆகும்வரை கன்று ஈனுகிற இடத்துக்கு, ஆடு குட்டி போடுகிற இடத்துக்கு நீங்கள் போகக் கூடாது. கழிவைக் கழுவுவது, கறை படிந்த சாக்கை அலசுவது, அவர் கொட்டாயில் போட்ட துணியைக் கையால் துவைப்பது எதுவும் வேண்டாம். மாட்டுக்குத் தீனி எடுத்துப் போட்டால் ஒன்றும் ஆகாது. வீட்டில் பெரியவர்கள், நாங்கள் எல்லாம் நிறைமாதத்திலும் கறந்தோம், எங்களுக்கு என்ன ஆச்சு என்பார்கள். அந்தக் காலத்தில் கலைந்த கருவுக்கும் தீராத இடுப்பு வலிக்கும் யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

பால் விஷயம் எளிது, உறுதியானதும்கூட. கறந்த பாலை நன்றாகப் பொங்க விட்டுக் காய்ச்சினால் புரூசெல்லா செத்துவிடும், மாட்டுக் காசநோய்க் கிருமியும் செத்துவிடும். பாக்கெட் பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 வினாடி வைத்து எடுப்பதும் இதற்காகத்தான். ஆபத்து பச்சைப்பாலில் இருக்கிறது. மடியிலிருந்து நுரையோடு வெதுவெதுப்பாகக் குடித்தால் உடம்புக்குத் தெம்பு என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் கொடுங்கையூர்ப் பக்கம் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். காய்ச்சாத பாலில் எடுத்த வெண்ணெய்க்கும் இதுதான். சீம்பாலை வெல்லம் போட்டு வேகவைத்துச் சாப்பிடுவதில் பயமில்லை, பச்சையாக நாக்கில் வைக்காதீர்கள். பால் வழியாக இந்த நோய் வருவது கண்டுபிடிக்கப்பட்ட கதை மால்டா தீவில் நடந்தது. அங்கே காவலில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் மாதக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தார்கள். டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் 1887இல் கிருமியைக் கண்டுபிடித்தார், அவர் பெயர்தான் கிருமிக்கு. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய மேலும் 18 வருஷம் ஆனது. 1905இல் ஸம்மிட் என்ற மால்டாக்காரர் பார்க்க ஆரோக்கியமாக இருந்த வெள்ளாடுகளின் ரத்தத்தில் அதைக் கண்டார். அடுத்த வருஷம் சிப்பாய்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் காய்ச்சல் சரிந்தது. மிருகம் தளதளவென்று இருப்பதைப் பார்த்து நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாட்டை விற்பது பற்றி. கன்று வீசிய மாட்டை அடுத்த சந்தையில் தள்ளிவிடுவது நம் பக்கம் சகஜம். இந்த நோய் ஒரு கொட்டாயிலிருந்து இன்னொரு கொட்டாய்க்குப் போகிற ராஜபாட்டையே அதுதான். பெரும்பாலான மாடு ஒருமுறைதான் கன்று வீசும். அடுத்த ஈற்றில் முழுசாக, உயிரோடு கன்று போடும். சரியாகிவிட்டது என்று எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு ஈற்றிலும் கிருமி வெளியே வந்துகொண்டே இருக்கும், பாலிலும் விட்டு விட்டு வரும். வாங்கிக்கொண்டு போகிறவர் வீட்டிலும் ஒரு கர்ப்பிணி இருக்கலாம். அதனால் முதலில் நான்கு மாட்டின் ரத்தத்தையும் பாலையும் பரிசோதிக்கக் கொடுங்கள். உங்கள் பகுதி அரசுக் கால்நடை மருந்தகத்தில் சொன்னால் மாதிரி எடுத்து அனுப்புவார்கள், மாதவரம் பால்பண்ணை வளாகத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன. நோய் இல்லை என்று வந்தால் விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் சௌகரியம். இருக்கிறது என்று வந்தால் அந்த ஒரு மாட்டைத் தனியே கட்ட வேண்டும், சினைக்கு விடக் கூடாது, மேற்கொண்டு என்ன செய்வது என்று மருத்துவரோடு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். மாட்டுக்கு மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள். மனிதருக்கு வேலை செய்கிற அளவுக்கு மாட்டில் அது வேலை செய்வதில்லை.

இனி ஈனும்போது யாரும் வெறுங்கையை உள்ளே விடக் கூடாது. நஞ்சு பன்னிரண்டு மணி நேரத்தில் விழாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள், இழுத்துப் பிய்த்தால் மாட்டுக்கும் கேடு. தவிர்க்க முடியாமல் தொட வேண்டிவந்தால் முழங்கைக்கு மேல் வரும் பிளாஸ்டிக் கையுறை, முகத்துக்கு மாஸ்க், கண்ணுக்கு ஏதாவது ஒரு கண்ணாடி. வீசிய கன்றையும் நஞ்சையும் ஆழமாகக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். சுவரோடு சுவர் ஒட்டிய வியாசர்பாடியில் குழிக்கு எங்கே போவது? அதனால்தான் கேப்டன் காட்டன் கால்வாயில் வீசிவிட்டு வருகிறார்கள், நாய் இழுத்துக்கொண்டு தெருவெல்லாம் பரப்புகிறது. நாய்க்கும் இந்தக் கிருமி வரும். என் யோசனை, ப்ளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கொட்டி இரண்டு கனமான பைக்குள் கட்டி வைத்துவிட்டு, கால்நடை மருந்தகத்திலும் மாநகராட்சி சுகாதார அலுவலகத்திலும் சொல்லி எடுக்கச் செய்வது. அலைய வேண்டியிருக்கும், மறுக்கவில்லை. கிடந்த இடத்தை ப்ளீச்சிங் தண்ணீரால் கழுவி வெயில் படவிடுங்கள். ஈரமும் நிழலும் இருந்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் கிருமி, நேர் வெயிலில் சில மணி நேரத்தில் செத்துவிடும். கிடேரிக் கன்று இருந்தால் 4 மாதத்திலிருந்து 8 மாத வயதுக்குள் ஒரே ஒரு முறை தடுப்பூசி போட்டுவிடுங்கள். 2019இல் ஆரம்பித்த மத்திய அரசின் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரியோடு இதையும் சேர்த்திருக்கிறார்கள். காளைக்கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது. உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசி அது, போடும்போது பிடித்துக்கொள்கிறவர் கையில் தவறிக் குத்தினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மனிதருக்கு இந்த நோய்க்குத் தடுப்பூசி நம்மிடம் இல்லை.

வடசென்னைக்காரர்களுக்கு இதற்கு அடுத்தபடியாக, மழைக்காலத்தில் இதற்கும் முன்பாகவே, நினைவில் இருக்க வேண்டியது எலிக்காய்ச்சல். பேரில் எலி இருந்தாலும் மாடு, நாய், பன்றி எல்லாவற்றின் சிறுநீரிலும் அந்தக் கிருமி வரும், தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் உயிரோடு இருக்கும், வெறுங்காலின் பித்தவெடிப்பு வழியாக ஏறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதே, அந்த மாதிரித் தண்ணீரில் நின்றுகொண்டு மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுகிறவருக்குத்தான் இது முதலில் வரும். திடீரென்று கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் தொட முடியாத வலி, கண் சிவப்பு. இதோடு கண் மஞ்சளானாலோ சிறுநீர் குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி. ஆரம்பத்தில் பிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கே போதும், விட்டால் சிறுநீரகமும் ஈரலும் போகும். உங்கள் வீட்டுக்காரருக்கு இது இருக்குமா என்றால், மூன்று வாரம் ஏறி இறங்கும் காய்ச்சல் அதன் வழக்கம் இல்லை. இருந்தாலும் ரத்தம் எடுக்கும்போது அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கோமியம் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்று கொட்டாய் கழுவுவதை நிறுத்தி ஒரு ஜோடி கம்பூட் வாங்கிக் கொடுங்கள்.

கொழுந்தனாருடைய வேலையைப் பற்றி. ஆட்டுத்தொட்டியில் தோல் உரிக்கிறவர், குடல் கழுவுகிறவர் எல்லாருக்கும் மேலே சொன்ன புரூசெல்லா பொது, வெள்ளாட்டில் இருக்கும் வகை மாட்டு வகையைவிட மனிதருக்குக் கடுமையானது. அதற்கு மேல் மூன்று விஷயம். ஆட்டின் உதட்டில் அருவருப்பாகப் பொருக்குத் தட்டியிருப்பதைப் பார்த்திருப்பார், அது கைவிரலில் ஒட்டினால் கொப்புளம்போல் பெரிதாகப் புடைக்கும். பயமுறுத்தும், ஆனால் ஒன்றரை மாதத்துக்குள் தானே ஆறும், கீறிவிடக் கூடாது. கையிலோ கழுத்திலோ புண் வந்து நடுவில் கரிபோல் கறுத்து, சுற்றிலும் வீங்கி, வலியே இல்லாமல் இருந்தால் அது வேறு. அது ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பானாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும், மருந்துக்குக் கேட்கும். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடிகிற ஆட்டையோ மாட்டையோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அறுக்கவோ உரிக்கவோ கூடாது. கிழித்துக் காற்றுப்பட்டால் அந்தக் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். ஆட்டு ஈரலிலும் நுரையீரலிலும் தண்ணீர் கோத்த கட்டி இருந்தால் அந்தத் துண்டை அறுத்து வாசலில் நிற்கும் நாய்க்குப் போடுவது கறிக்கடை வழக்கம். அந்தக் கட்டிக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சுகள். நாயின் குடலில் அவை வளர்ந்து, ஆறேழு வாரத்தில் நாயின் மலத்தில் முட்டை வர ஆரம்பிக்கும். நாய் உடம்பை நக்கும், பிள்ளைகள் நாயைத் தடவிவிட்டு அப்படியே முறுக்கு தின்னும். முட்டை உள்ளே போய் மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டியை வளர்க்கும், வருஷக்கணக்கில், சத்தமே இல்லாமல், ஆபரேஷன் வரைக்கும். கட்டி இருந்த ஆட்டின் கறியைச் சாப்பிட்டதால் இது வராது, நாய் வழியாகத்தான் வரும். ஆகவே கொழுந்தனார் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தத் துண்டை நாய்க்குப் போடாமல் கழிவுத் தொட்டியில் போடுவது. வீட்டில் சுற்றும் நாய்க்குப் பிராசிகுவான்டெல் என்ற குடற்புழு மருந்தை மருத்துவர் சொல்கிற இடைவெளியில் கொடுத்துவிடுங்கள், வெறிநாய்த் தடுப்பூசியையும்.

வெறிநாய் என்றதும் கறவைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாடு வாயில் எச்சில் ஒழுக, தீனி விழுங்க முடியாமல், கம்மிய குரலில் கத்திக்கொண்டே இருந்தால் தொண்டையில் மாங்கொட்டை சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவார்கள். வெறிநாய் கடித்த மாடு அப்படித்தான் இருக்கும். அப்படிக் கையை விட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஊசிக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற காலம் போய்விட்டது, இப்போது கையில் நான்கைந்து முறை, அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்க மாட்டார்கள். இந்த நோய் வந்த பிறகு மருந்து இல்லை, அதனால் இதில் மட்டும் சந்தேகத்தின் பலன் ஊசிக்குத்தான்.

தேவையில்லாத பயம் இரண்டையும் கழித்துவிடலாம். மாட்டுக்கு வரும் கோமாரி மனிதருக்கு வருவது ஏறக்குறைய இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கை, கால், வாயில் கொப்புளம் வருவது வேறு வைரஸ், அது பள்ளிக்கூடத்தில் ஒட்டுவது. 2022இல் நாடு முழுக்க மாடுகளைப் படுத்திய தோல் கழலை நோயும் மனிதருக்கு வராது.

கடைசியாக மாடியில் இருக்கும் புறா. எழுதியிருக்கும் இருமல் தொற்றுநோயாக இல்லாமலேகூட இருக்கலாம். புறா எச்சத்தூளிலும் சிறகிலிருந்து உதிரும் வெள்ளைப் பொடியிலும் இருக்கும் புரதம் சிலருடைய நுரையீரலுக்கு ஒவ்வாது. பெட்டியைச் சுத்தம் செய்து நாலைந்து மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல், காலையில் சரி. இப்படி வந்து போகும். வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பாகி இறுகிவிடும், அதைத் திரும்பச் சரி செய்ய முடியாது. கிளி, புறாவிடமிருந்து வரும் ஒரு வகை நிமோனியாவும் உண்டு, அதற்கு மருந்து இருக்கிறது. எது என்று பிரித்தறிய நெஞ்சுப்படமும் மூச்சுப் பரிசோதனையும் வேண்டும். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம்: இரண்டு வாரம் புறாவை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும், இருமல் குறைந்தால் விடை பாதி கிடைத்துவிட்டது. குறையாவிட்டால் புறாவின் மேல் பழி இல்லை என்று ஆகாது, நாள்பட்டது அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ஹோமர் பந்தயத்துக்குப் பறக்கவிடுகிறவரிடம் புறாவையே விட்டுவிடு என்று சொன்னால் கேட்க மாட்டார், தெரியும். குறைந்தபட்சம் காய்ந்த எச்சத்தைப் பெருக்காமல் தண்ணீர் தெளித்துச் சுரண்டட்டும், துணியைக் கட்டாமல் என்95 மாஸ்க் போடட்டும், அந்தச் சட்டையை மாடியிலேயே கழற்றிவிட்டு இறங்கட்டும். நீங்கள் மாடிப்பக்கம் போக வேண்டாம். இருமலோடு எடை குறைந்தாலோ சளியில் ரத்தம் தெரிந்தாலோ இந்தப் புறாக் கதையெல்லாம் அப்புறம், முதலில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. அண்ணன் ஸ்டான்லிக்குப் போகிற அன்றைக்கே தம்பியையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.